தோட்டத்து லயத்திற்கு இணையம் வந்த வரலாறு



இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பில்லுகள், சாவிக்கொத்து, தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் போட்டு வைக்கும் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். கட்டைவிரல் பருமனில், ஒரு முனையில் தகரத் தலையுடன் ஒரு பொருள் கிடந்தாலும் கிடக்கும். பிள்ளைகள் அதைப் பென்டிரைவ் என்று எண்ணிக் கணினியில் செருகிவிட்டு, "ஒண்ணும் வரல சார், கெட்டுப் போச்சு" என்பார்கள். அதற்குக் கையடக்க மோடம் என்று பெயர். இன்று அதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் நம் மலாக்கா மாநிலத் தோட்டங்களில், தொலைபேசிக் கம்பி எட்டிப் பார்க்காத லயத்து வீடுகளுக்குள் இணையத்தை அழைத்து வந்தது இந்தப் பொருள்தான். அதன் கதையை நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் மோடம் என்றால் என்ன? தொலைபேசிக் கம்பி மனிதர் பேச்சைக் கொண்டு செல்வதற்காகப் போடப்பட்டது. கணினிக்கோ ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு எழுத்து மட்டுமே தெரியும். அந்த எழுத்துகளை ஓசையாக மாற்றிக் கம்பியில் அனுப்பி, மறுமுனையில் அந்த ஓசையை மறுபடியும் எழுத்தாக மாற்ற ஒரு துபாஷி வேண்டுமல்லவா? அந்தத் துபாஷிதான் மோடம். 1950-களில் அமெரிக்க விமானப்படை தன் ராடார் நிலையங்களைக் கணினியோடு இணைக்க இதைப் பயன்படுத்தியது. 1962-இல் பெல் நிறுவனம் வெளியிட்ட மோடம் வினாடிக்கு 300 பிட் அனுப்பியது. கணக்குப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்து. நம் ஆறாம் ஆண்டு மாணவர் வாசிக்கும் வேகத்தைவிட ஏதோ கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்!

நம் நாட்டில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை 1992-இல் இணையத்தைக் கொண்டு வந்தது. 1996-இல் டெலிகோம் மலேசியாவின் டி.எம்.நெட் வந்தது. பட்டணத்து வீடுகளில் கணினி 1515 என்ற எண்ணைச் சுழற்றும். கீச்சென்றும் கரகரவென்றும் சத்தம் வரும். பிறகு இணைப்பு கிடைக்கும். அந்த நேரத்தில் யாரேனும் தொலைபேசியைத் தூக்கினால் எல்லாம் அறுந்துபோகும். பெரியவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். ஆனால் எந்தப் பெரியவர்களுக்கு? தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு.

இங்கேதான் நம் கதை பிரிகிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் நம் மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் தான் சாய் யான் என்பவரால் போடப்பட்டது. அடுத்துப் புக்கிட் அசாஹான் வந்தது. பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று எல்லாப் பக்கமும் காடு வெட்டிப் பால்மரம் நட்டார்கள். நட்டவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஒரு பொருள் வருகிறது என்றால் அது முதலில் துரை பங்களாவுக்கு வரும், பிறகு ஆபீசுக்கு வரும், கிராணி வீட்டுக்கு வரும், கடைசியில்தான் லயம். குழாய்த் தண்ணீர் அப்படித்தான் வந்தது, மின்சாரம் அப்படித்தான் வந்தது. தொலைபேசிக் கம்பியும் பெரும்பாலும் ஆபீசு வாசலோடு நின்றுவிட்டது. லயத்தில் சாவுச் செய்தி என்றால்கூட ஆபீசுக்குத்தான் போன் வரும், அங்கிருந்து ஆள் ஓடி வருவார். கம்பியே இல்லாத வீட்டுக்கு 1515 எதற்கு?

அதே சமயத்தில் வெளியே என்ன நடந்தது தெரியுமா? 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 'இணையம்' என்று நாம் இன்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தச் சொல்லைத் தந்தவரும் அவரே என்பர். நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற மென்பொருளால் உலகத் தமிழரைத் தமிழில் தட்டச்சு செய்ய வைத்தார். 2001-இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. ஆக, கணினியில் தமிழ் ஏறிய வண்டியை ஓட்டியவர்களில் இந்த வட்டாரத்துத் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்த வண்டி நம் லயத்துப் பக்கம் நிற்காமல் போனதுதான் வருத்தம். நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது, ஒரு பாட ஒப்படைப்புக்குப் படம் எடுக்க வேண்டுமானால் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய், சைபர் கஃபேயில் ஒரு மணி நேரக் காசு கட்டி உட்கார வேண்டும். பெண் பிள்ளைகளை அங்கே அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் படிப்பில் பின்தங்கியது யார் என்பதையும் மறக்க மாட்டேன்.

2005-இல் மலேசியாவில் 3ஜி சேவை தொடங்கியது. கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலையிலேயே இணையமும் வந்தது. 2006-இல் ஹுவாவே நிறுவனம் ஈ-220 என்ற மோடத்தை வெளியிட்டது. சோப்புக் கட்டி போல வெள்ளையாக இருக்கும்; உள்ளே ஒரு சிம் கார்டு; யூ.எஸ்.பி. கம்பியால் கணினியில் செருக வேண்டும். காகிதக் கணக்கில் அதன் வேகம் வினாடிக்கு 36 லட்சம் பிட். தொலைபேசிக் கம்பி மோடத்தின் உச்ச வேகம் 56 ஆயிரம்தான். அங்கே இரண்டேகால் நிமிடத்துக்கு மேல் எடுத்த ஒரு புகைப்படம் இங்கே இரண்டு மூன்று வினாடியில் வந்துவிடும் என்பது கணக்கு. லயத்தில் அந்த வேகம் கிடைத்ததா என்றால், அது வேறு கதை.

அதை எப்படிப் பொருத்தினோம் என்று சொல்கிறேன், கேளுங்கள். சிம் கார்டின் வெட்டுமூலை சரியான பக்கம் இருக்கும்படி உள்ளே தள்ள வேண்டும். மோடத்தைக் கணினியில் செருகியதும், கணினி அதை மோடம் என்று கண்டுகொள்ளாது; ஒரு குறுந்தட்டு என்று நினைத்துக்கொள்ளும். இது பழுதில்லை, செய்தவர்களின் சாமர்த்தியம். அந்தப் பொய்க் குறுந்தட்டுக்குள்தான் வேண்டிய மென்பொருள் இருக்கும். அது கணினியில் ஏறியதும் மோடம் வேஷத்தைக் கலைத்துத் தன் சொந்த உருவத்துக்கு வரும். தனியாகத் தட்டு வாங்கி வந்து போட வேண்டிய தொல்லை ஒழிந்தது. நெட்புக் என்ற சின்னக் கணினிகளில் தட்டு போடும் இடமே கிடையாது என்பதால் இது பெரிய உதவி.

அடுத்தது ஏ.பி.என். என்பது. கோபுரம் வரை நம் அலை போய்ச் சேர்ந்தாலும், இணையத்துக்குள் நுழைய எந்த வாசல் என்று சொல்ல வேண்டும். அந்த வாசலின் பெயர்தான் ஏ.பி.என். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பெயர். ஓர் எழுத்து பிசகினாலும் கதவு திறக்காது. கடைசியாக, கணினி *99# என்ற எண்ணைச் சுழற்றும். கம்பியே இல்லாத கருவி எதற்காக எண் சுழற்ற வேண்டும்? இதில்தான் வரலாறு ஒளிந்திருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் ஹேய்ஸ் நிறுவனம் செய்த ஸ்மார்ட்மோடம், 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தது. 'கவனி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அன்றைய கட்டளையையே இந்தக் குட்டி மோடமும் கேட்டு நடந்தது. கம்பி போனது, கம்பிக் காலத்துப் பழக்கம் போகவில்லை.

மோடத்தில் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் 2ஜி, நீலம் எரிந்தால் 3ஜி, இளநீலம் எரிந்தால் அதனிலும் வேகம். பிள்ளைகள் கணினித் திரையைப் பார்ப்பதைவிட அந்த விளக்கைத்தான் அதிகம் பார்த்தார்கள். கோபுரங்கள் பெரும்பாலும் பட்டணத்திலும் பெரிய சாலையோரத்திலும் நின்றன. தோட்டமோ உள்ளே, மேடும் பள்ளமுமாக. போதாக்குறைக்குச் செம்பனை. ஈரம் நிறைந்த மட்டைகள் அலையை உறிஞ்சிக்கொள்ளும்; மழை பெய்து நனைந்தால் இன்னும் மோசம். ஆகவே கணினியை விட்டு மோடத்தைத் தள்ளி வைக்கும் கலை பிறந்தது. நீளமான யூ.எஸ்.பி. கம்பி வாங்கி, மோடத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஜன்னல் கம்பியிலோ துணி காயும் கொடியிலோ தொங்க விடுவது. கம்பி ஐந்து மீட்டரைத் தாண்டினால் கணினி கருவியை மறந்துவிடும்; அதுவும் அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். சில கம்பிகளுக்கு இரண்டு தலை இருந்ததே, ஏன் தெரியுமா? கணினியின் ஒரு துளையிலிருந்து 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் கிடைக்கும். தூரத்துக் கோபுரத்தைக் கத்திக் கூப்பிட மோடத்துக்கு அது பற்றாமல் போகும்போது, இரண்டாவது தலையால் இன்னொரு துளையிலிருந்தும் குடிக்கும்.

இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்தப் பயிற்சிப் பட்டறையும் நடக்கவில்லை. கடைக்காரர் பட்டணத்தில் வைத்துக் காட்டும்போது நீலம் எரியும். வீட்டில் பச்சை எரியும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கற்றுக்கொண்டால் லயம் முழுக்கக் கற்றுக்கொள்ளும். மரம் வெட்டிக் கை காய்த்துப்போன அப்பாக்கள் மோடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நடந்து நடந்து, "இப்ப எரியுதா? இப்ப?" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். மாதக் கட்டணம் கட்டியும் இருபதாம் தேதிக்குள் ஒதுக்கீடு தீர்ந்து, வேகம் நத்தையாகிவிடும். சம்பள நாள் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

2010 மார்ச்சில் அரசாங்கம் தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு இறுதிக்குள் பாதி வீடுகளுக்காவது இணையம் என்பது இலக்கு. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு நெட்புக் கணினிகளும் கொடுக்கப்பட்டன. பள்ளிகளுக்கென்று 2011-இல் ஒப்பந்தமான ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் 2019 ஜூனோடு முடிவுற்றது. இவற்றை நீட்டிப் பேச இங்கே இடமில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் போனது. கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அதாவது, மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மேல். அந்த ஜூனில் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத அலை கிடைக்கவில்லை என்று மரத்தில் ஏறி இரவைக் கழித்ததை நாடே பார்த்து வியந்தது. ஜன்னலில் மோடம் கட்டிய நமக்கு அதில் வியப்பென்ன? நம் வகுப்புகளிலும் அதே நிலைதான். ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள்; அப்பா வேலை முடிந்து அதைக் கொண்டு வந்தால்தான் பாடம். கைப்பேசியில் மோடம் அடங்கிவிட்டதே தவிர, அலை அதே பழைய அலைதான்.

பிறகு ஜென்டேலா திட்டம் வந்தது. அதன்படி 2021 டிசம்பர் 31-க்குள் 3ஜி மூடப்பட்டது. 4ஜிக்கு இடம் விட வேண்டும் என்பதே காரணம். நியாயமான காரணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளோடு நம் இழுப்பறை மோடத்தில் நீல விளக்கு அணைந்தது. அதே மாதம் 15-ஆம் தேதி நாட்டில் 5ஜி தொடங்கியது. எங்கே? புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூர். துரை பங்களா, ஆபீசு, லயம் என்ற பழைய வரிசை உங்களுக்கு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகள் பல அப்படி முளைத்தவையே. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கட்டாயம் என்றது. இணையத்தையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூரை, நாற்காலி பற்றிப் பேசுகிறோம். எந்த லயத்தில் எந்த மூலையில் 4ஜி விழவில்லை என்று ஒரு பட்டியல் எடுத்துத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு ஏன் எழுதக் கூடாது?

அதுவரைக்கும் வீட்டில் கணினி இருப்பவர்கள் இப்படிச் செய்யலாம். பழைய 3ஜி மோடத்தைக் கடையில் விற்க வந்தால் வாங்காதீர்கள். 4ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பேசியையே மோடமாக்குவது இன்னும் மலிவு. சார்ஜ் போடும் கம்பியால் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைத் திறந்துவிட்டால் போதும்; ஏ.பி.என். எல்லாம் கைப்பேசியே பார்த்துக்கொள்ளும். கைப்பேசியின் மின்கலமும் இறங்காது. பிறகு கணினியில், இது அளவிட்ட இணைப்பு என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி, பிள்ளையின் ஒரு மாதப் பாடத்துக்கு வைத்திருந்த ஒதுக்கீட்டை ஒரே ராத்திரியில் தின்றுவிடும்.