'இசட்' எழுத்தும் வன்னியின் நாணயத்தாள்களும்

கனடாவில் வாழும் நண்பரொருவர் அண்மையில் தமது சேகரிப்பிலுள்ள இலங்கை நாணயத்தாள் ஒன்றின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அதன் தொடரிலக்கத்துக்கு முன்னால் 'இசட்' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. இத்தகைய தாளுக்குச் சேகரிப்பாளர்கள் முகப்பெறுமதியைவிடப் பன்மடங்கு கொடுப்பார்களாமே, மெய்தானா என்பது அவருடைய வினா. மெய்தான். ஆனால் அந்த எழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை விளக்க ஒரு மின்னஞ்சல் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாணயத்தாள்கள் பெரிய விரிதாள்களாக அச்சிடப்பட்டு, இலக்கமிடப்பட்டு, வெட்டப்பட்டு, நூறு நூறாகக் கட்டப்படுகின்றன. ஒரு கட்டில் முதல் தாளின் இலக்கமும் கடைசித் தாளின் இலக்கமும் தெரிந்தால் இடையில் உள்ளவற்றை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. இந்த வசதிக்கு இடையூறாக வருவது அச்சுப் பிழை. மை பரவிய தாளையோ மூலை கோணலாக வெட்டப்பட்ட தாளையோ வெளியே எடுத்துவிட்டால் கட்டில் ஒன்று குறைகிறது. எடுத்த தாளின் இலக்கத்தையே இன்னொரு தாளில் மீண்டும் அச்சிட்டு அந்த இடத்தில் வைப்பது பழைய முறை. இதில் வேலையும் செலவும் அதிகம். ஆகவே தனித் தொடரொன்றை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டு, குறை விழுந்த இடத்தில் அதிலிருந்து ஒரு தாளைச் செருகிவிடும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இப்படிச் செருகப்படுவதே பதிலீட்டு நாணயத்தாள்.

அமெரிக்கர்கள் 1910 அளவிலேயே இதற்கு நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். இந்தியா இதற்கு வந்தது வெகு தாமதமாக, 2006 இல். இந்திய ரிசர்வ் வங்கி முதலில் 10, 20, 50 ரூபாய்த் தாள்களில் முன்னெழுத்துக்கும் இலக்கத்துக்கும் இடையே நட்சத்திரமிட்டது. 2016 இன் பணமதிப்பிழப்புக்குப் பின்னர் புதிய 500 ரூபாயிலும் அக்குறி வந்தது. நட்சத்திரமிட்ட தாள் கள்ளத்தாள் என்று வதந்தி பரவியதால், அது செல்லுபடியாகும் தாளே என்று 2023 ஜூலையில் அவ்வங்கி விளக்க வேண்டியதாயிற்று. சேகரிப்பாளன் தேடியலையும் அதே தாளைக் கடைக்காரன் வாங்க மறுத்திருக்கிறான்!

இலங்கையில் நட்சத்திரம் கிடையாது. ஆங்கில நெடுங்கணக்கின் கடைசிப் பகுதி எழுத்துக்களே அந்த வேலையைச் செய்கின்றன. அண்மைத் தசாப்தங்களின் தாள்களில் அது பெரும்பாலும் 'இசட்'. எழுத்து, சரிவுக்கோடு, ஓரெண், அதன்பின் ஆறு இலக்கங்கள் என்று அமையும். மத்திய வங்கி 1950 ஓகஸ்டில் தொடங்கியபின் அதன் தாள்கள் நெடுங்காலம் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1980களின் பிற்பகுதியிலிருந்து, டி லா ரூ நிறுவனமும் இலங்கை அரசும் கூட்டாக நடத்தும் பியகம அச்சகத்தில் அச்சாகின்றன. எனவே 'இசட்' தாளொன்று சொல்வதெல்லாம் அச்சகத்தின் கதை: அங்கே ஒரு தாள் பழுதாயிற்று, அதற்குப் பதிலாக நான் வந்தேன். பழுதான தாளின் இலக்கம் என்னவென்று அதற்குத் தெரியாது. அச்சகத்தை விட்டுப் புறப்பட்டபின் தான் எந்தக் கைகளில் இருந்தது என்றும் அதற்குத் தெரியாது.

இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

வன்னியில் புழங்கியது எந்தப் பணம் என்று புலம்பெயர் நாடுகளில் பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். தமிழீழத்துக்குத் தனி நாணயம் இருந்ததாக நம்புவோரும் உளர். விடுதலைப் புலிகள் தனிப் பொலிஸ், தனி நீதிமன்றம், தனி வரி எல்லாம் வைத்திருந்தார்கள். 1994 இல் தமிழீழ வைப்பகத்தையும் தொடங்கினார்கள். ஆனால் அந்த வைப்பகத்தில் வைப்பிலிட்டதும் மீளப்பெற்றதும் இலங்கை மத்திய வங்கியின் ரூபாய்த் தாள்களைத்தான். கிளிநொச்சியில் வரி கட்டியதும் அதே தாளில், ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு இப்பால் பஸ்ஸுக்குக் கொடுத்ததும் அதே தாளில். இரு நிருவாகங்களும் ஒத்துக்கொண்ட மிகச் சில பொருள்களில் நாணயத்தாளும் ஒன்று என்பேன்.

2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் வன்னிக்குப் பலமுறை போய்வந்தேன். அங்கே தேநீர்க் கடைகளில் மீதியாகக் கிடைத்த பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. பின்புறம் நிலைக்குத்தாக அமைந்த 1991 ஆம் ஆண்டு வடிவமைப்பு. துணியைப்போல் மெதுத்து, மடிப்புக்களில் கிழிந்து, ஒட்டும் நாடாவால் ஒட்டப்பட்டவை. புதுத்தாள் வெளியிலிருந்துதான் வரவேண்டும். பாதை மூடிக் கிடந்த ஆண்டுகளில் இருந்ததை வைத்தே புழங்கியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் கைபடாத தாளுக்கே உச்ச விலை கொடுப்பார்கள். ஒரு மடிப்பு விழுந்தாலும் தரம் இறங்கிவிடும். அவர்களுடைய கணக்கில் நான் வாங்கிய மீதிப்பணம் குப்பை. அவற்றில் ஓர் 'இசட்' இருந்திருந்தாலும் அது கிழிந்த 'இசட்' ஆகவே இருந்திருக்கும்.

2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. அதன்பின் மே மாதம் முள்ளிவாய்க்கால் வரையான நடை எத்தகையது என்று இங்கே நான் விவரிக்க வேண்டியதில்லை. அப்போது இலங்கையின் மிகப்பெரிய தாள் 2000 ரூபாய். 5000 ரூபாய்த் தாள் 2011 இல்தான் வந்தது. வீட்டையும் வயலையும் மாட்டையும் விட்டு நடந்தவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டது ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்த் தாள்களையும் தாலிக்கொடியையும்தான். நந்திக்கடல் நீரேரியைக் கழுத்தளவு நீரில் கடந்தவர்களோடு அந்தத் தாள்களும் கடந்தன. செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டபோது அரச வங்கிகள் முகாமுக்கே வந்து கிளை திறந்தன. நனைந்த தாள்கள் அங்கே வைப்பிலிடப்பட்டுக் கணக்குப் புத்தகத்தில் எண்களாயின.

அதற்குப்பின் அத்தாள்களுக்கு நேர்ந்தது எல்லாப் பழைய தாள்களுக்கும் நேர்வதுதான். வங்கிக் கிளையிலிருந்து மத்திய வங்கிக்குப் போகும், தகுதியற்றதெனக் கழிக்கப்படும், அழிக்கப்படும். அதற்குப் பதிலாகப் புதுத்தாள் வெளிவரும். இதுவும் பதிலீடுதான். ஆனால் இந்தப் பதிலீட்டுக்குத் தனி எழுத்து இல்லை. அச்சகத்தில் மை பரவிய தாளுக்குப் பதில் வந்ததென்றால் 'இசட்' போட்டு நூறாண்டுக்கும் அடையாளம் வைக்கிறார்கள். நந்திக்கடலில் நனைந்த தாளுக்குப் பதில் வந்தது எதுவென்று ஒருவராலும் காட்ட முடியாது.

இதைப் பொன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைப்பகத்தில் மக்கள் அடகு வைத்த நகைகளில் ஒரு பகுதி படையினரிடம் சிக்கியது. 2014 இல் சிலருக்கு அவர்களுடைய நகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2025 மே மாதத்தில் மேலும் ஒரு தொகுதியை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது. மிகத் தாமதம், அதுவும் முழுமையன்று. ஆயினும் தன் காப்பு இது, தன் சங்கிலி இது என்று ஒரு தாய் சொல்ல வழியுண்டு. ரூபாய்த் தாளில் இலக்கமே இருந்தும் அப்படிச் சொல்ல வழியில்லை. தன் பணத்தின் இலக்கத்தை எழுதி வைப்பவர் யார்? வைப்பகக் கணக்கில் இட்ட சேமிப்பும் 2009 உடன் போயிற்று.

அரசு அந்த ஆண்டை மறக்கவில்லை. 2009 நவம்பரில் மகிந்த இராஜபக்சவின் உருவம் பொறித்த 1000 ரூபாய் நினைவுத்தாளை மத்திய வங்கி வெளியிட்டது. பின்புறத்தில் படையினர் தேசியக் கொடியை ஏற்றுகிறார்கள். இன்று அதுவும் சேகரிப்பாளர்களின் தொகுப்பேடுகளில் கசங்காமல் இருக்கிறது. 2009 இன் இலங்கை நாணயத்தாள் என்று தேடினால் கண்ணில் படுவது அதுதான். மெனிக் பாமுக்கு வந்து சேர்ந்த தாள் அன்று. வரலாற்று மாணவன் ஒருவன் தொகுப்பேட்டை மட்டும் பார்த்து எழுதினால், அந்த ஆண்டு வன்னியில் கொடி மட்டுமே இருந்தது, கையில் பணமுள்ள மனிதர் இருக்கவில்லை என்றுதான் எழுதுவான். 2014 இல் மத்திய வங்கி கிளிநொச்சி அறிவியல் நகரில் தன் பிராந்திய நிலையத்தைத் திறந்தது. அதன் சுவரில் என்றாவது ஒரு காட்சிப் பெட்டி வைத்து, அந்த மாவட்டத்தில் புழங்கிய தாள்களில் நாலைந்தை மாட்டினால் நன்று. இது என் சொந்த ஆசை.

சேகரிப்பில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இசட்' தாள் கிடைத்தால் மகிழ்ந்து வைத்திருங்கள். ஆண்டையும் கையொப்பங்களையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விலை அவற்றைப் பொறுத்தே ஏறும், இறங்கும். ஆனால் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வன்னியிலிருந்து வந்த பழைய தாளொன்று, எவ்வளவு கிழிந்திருந்தாலும், பெட்டிக்குள் கிடந்தால் அதை வங்கியில் மாற்றிவிடாதீர்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில், எதற்காக வைத்திருந்தது என்று கேட்டு, தாளின் இலக்கத்தோடு சேர்த்து வேறொரு காகிதத்தில் எழுதி வையுங்கள். கேட்க வேண்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தாளின் மேலேயே எழுதிவிட வேண்டாம். எழுதிக் கிறுக்கிய தாள்களை இனி ஏற்பதில்லை என்று மத்திய வங்கி 2017 இலேயே அறிவித்துவிட்டது.