அத்தியும் குளவியும்: கமக்காரர் அறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரிதாக நிகழ்வதனை 'அத்தி பூத்தாற்போல' என்பது தமிழர் வழக்கு. உண்மையில் அத்தி தவறாது பூக்கின்றது. நாம் காய் எனக் கருதுவதன் உட்புறத்தே அதன் சிறு பூக்கள் மறைந்துள்ளன. மறைந்துள்ள இப்பூக்களே கலிபோர்னியாவிற் சீமை அத்தி பயிரிட்டோரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அலைக்கழித்தன.

இன்று இஸ்மிர் எனப்படும் துருக்கியின் ஸ்மேர்னாத் துறைமுகத்தினின்று ஏற்றுமதியான உலர் அத்திப்பழம் 19ஆம் நூற்றாண்டிற் பெரும் புகழ் பெற்றிருந்தது. 1880களின் தொடக்கத்திற் சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகையொன்று அவ்வினத்தின் ஏறத்தாழ 14,000 தண்டுத் துண்டுகளை வருவித்துத் தன் சந்தாதாரருக்கு வழங்கியது. தோட்டங்களில் மரங்கள் செழித்தன. காய்களோ பழுக்குமுன் உதிர்ந்தன. வணிகர் தரமற்ற இனத்தைத் தந்து ஏமாற்றினர் என்ற ஐயமும் எழுந்தது.

ஸ்மேர்னாக் கமக்காரர் உண்ணத்தகாத காட்டத்திக் காய்களைக் கோவையாகக் கட்டித் தம் மரங்களில் தொங்கவிடுவது வழக்கம். அரிஸ்டோட்டிலும் தியோபிராஸ்டசும் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளனர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தாவரவியலாளர் கஸ்பாரினி இது பயனற்றது என முடிவுசெய்தார். கலிபோர்னியாவிலும் பலர் இதனை மூடநம்பிக்கையென எள்ளினர். இதற்கு இடமளித்த காரணமும் உண்டு. வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் அத்தியினங்கள் பல கருக்கட்டலின்றியே பழுப்பவை. ஸ்மேர்னா இனமோ பெண்பூக்களை மட்டுமே கொண்டது. காட்டத்தியுள் வளரும் நுண்ணிய குளவி மகரந்தத்தைச் சுமந்துவந்து உட்புகுந்தாலன்றி அதன் காய் பழுக்காது.

1890இல் பிரெஸ்னோவைச் சேர்ந்த ஜோர்ஜ் ரோடிங் காட்டத்தி மகரந்தத்தைக் கையாற் சேர்ப்பித்தபோது காய்கள் பழுத்தன. விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த வோல்ட்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய காய்களின் வழியாக, 1899இற் குளவி அங்கு நிலைபெற்றது. புதிய தொழிலொன்று தோன்றியது. பழத்துக்கும் 'கலிமேர்னா' என்ற புதுப் பெயர் சூட்டப்பட்டது.

கமக்காரர் மகரந்தத்தின் தொழிற்பாட்டை அறியாதிருந்தும் தம் வழக்கத்தின் பயனை அறிந்திருந்தனர். கற்றோர் சிலரோ காரணம் புலப்படாமையாற் பயனையே மறுத்தனர். நூல்களையும் கல்வெட்டுக்களையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர், உழவரது கைப்பழக்கத்தையும் ஆராய்வதற்குரிய சான்றாகவே கொள்ளல் வேண்டும். சோதித்துப் பாராது அதனை ஒதுக்குவது ஆராய்ச்சியாகாது.