உறுதியும் உருவாக்கமும்: உயரழுத்த நைட்ரஜன் கணிப்புகளை வாசிக்கும் முறை

நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். அதே அணுக்களுக்கிடையிலான ஒற்றைப் பிணைப்புக்குச் சுமார் 160 கிலோஜூலே போதும். முழுக்க ஒற்றைப் பிணைப்புகளால் கட்டப்பட்ட நைட்ரஜன் மீண்டும் வாயுவாகும்போது பேராற்றலை வெளிவிடுவதும், அதை ஆக்குவது பெரும்பாடாக இருப்பதும் இந்த இடைவெளியால்தான்.

அப்படியொரு படிகத்தை, ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு பிணைந்த கனசதுர அமைப்பாக, 1992இல் லிவர்மோர் ஆய்வகத்தின் மக்மஹான் உள்ளிட்ட மூவர் கணக்கிட்டுக் காட்டினர். சுமார் 50 கிகாபாஸ்கலிலேயே அது மூலக்கூறு நைட்ரஜனைவிட உறுதியாகிவிடும் என்றது கணக்கு. 2004இல் ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழுவினர் அதை உருவாக்கினர். ஆனால் தேவைப்பட்டது 110 கிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தமும் 2000 கெல்வினுக்கு மேல் வெப்பமும். கணிப்பின் வெற்றியாக இதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம், வெற்றிதான். எனினும் அழுத்தம் ஏன் இருமடங்கானது என்பதே நாம் பாடம் கற்க வேண்டிய இடம் என்பேன்.

இத்தகைய சோதனையில், எதிரெதிரே அழுத்தும் இரு வைரப் பட்டடைகளின் முனைகளுக்கிடையே, தலைமயிரின் தடிமனை ஒத்த ஒரு குழியில் நைட்ரஜன் அடைபட்டிருக்கிறது. அறைவெப்பத்தில் எவ்வளவு நெருக்கினாலும் படிகம் வருவதில்லை. 150 கிகாபாஸ்கலை ஒட்டி அது கருத்து, ஒழுங்கற்ற திண்மமாகிறது. லேசர் கதிரால் சூடேற்றிய பிறகே நிறமற்ற, ஒளி ஊடுருவும் படிகம் தோன்றுகிறது. முப்பிணைப்பு நெகிழ்வதற்கான கிளர்வு ஆற்றலை அழுத்தம் மட்டும் தந்துவிடுவதில்லை. வழக்கமான கணக்கோ சுழியக் கெல்வினில் என்தால்பிகளை ஒப்பிடுகிறது: எது உறுதியானது என்று சொல்லும், அங்கே போய்ச் சேரும் வழியைச் சொல்லாது.

2020இன் கண்டுபிடிப்பு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. கருப்புப் பாஸ்பரஸின் மடிப்படுக்கு அமைப்பு 1992 கணக்கிலேயே கனசதுர அமைப்பிடம் தோற்றது. அதே அமைப்புதான் 140 கிகாபாஸ்கல், சுமார் 4000 கெல்வினில் பைராய்ட் நகர ஆய்வாளர்களின் பட்டடைகளுக்கிடையே உருவானது. குறைந்த ஆற்றலுள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும் பழக்கம், உருவாகக்கூடிய பொருளையும் சேர்த்தே கழித்துவிடுகிறது.

ஒகானோவின் பரிணாம வழித் தேடல், பிக்கார்ட்–நீட்ஸின் தற்செயல் தேடல் போன்ற, படிக அமைப்புகளைக் கணிக்கும் முறைகளின் மதிப்பை நான் குறைக்கவில்லை. அவை இல்லையேல் எந்தச் சேர்மத்தைத் தேடுவதென்றே தெரியாது. அவற்றோடு தொடக்கப்பொருளையும் கணிப்பின் பகுதியாக்க வேண்டும் என்பதே என் வாதம். ஐந்து நைட்ரஜன்கள் வளையமாக இணைந்த சீசியம் பென்டசோலேட்டைப் பாருங்கள். 2017இல் ஸ்டீல், ஒலெய்னிக் குழுவினர் கணக்கையும் சோதனையையும் ஒன்றாக முன்வைத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது சீசியம் உலோகத்தை அன்று, சீசியம் அசைடை. அதை நைட்ரஜனோடு அமுக்கி லேசரால் சூடேற்றினர். அசைடில் மூன்று நைட்ரஜன்கள் ஏற்கெனவே முப்பிணைப்பைவிடத் தளர்ந்த பிணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கின்றன. 60 கிகாபாஸ்கலை ஒட்டியே வளையம் மூடியது.