கிரீடம் பொய் சொன்னாலும் இரும்பு காட்டிக்கொடுக்கும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகைக்கடைக்குப் போனால் நாம் முதலில் என்ன பார்க்கிறோம்? 916 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் மனம் நிம்மதியடைகிறது. ஆனால், முத்திரையை யாரும் அடித்துவிடலாம் என்பதால்தான் பொற்கொல்லர் உரைகல்லையும் கையில் வைத்திருக்கிறார். இன்று நான் பேச வந்தது தங்கத்தைப் பற்றியல்ல, இரும்பைப் பற்றி. நூறு ஆண்டுக்கு முந்திய போர்த் துப்பாக்கி என்று சொல்லி, இணையத்தின் வழி சேகரிப்பாளர்களின் தலையில் கட்டப்படும் போலிகளைப் பற்றி.

ஒரு விளம்பரம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி. விக்டோரியா மகாராணியின் முத்திரை உண்டு. 1905ஆம் ஆண்டு. ஆப்கான் போரில் பயன்பட்டது.’ வாங்க வருபவரின் கண்ணில் கிரீடம் படுகிறது. ஆண்டு படுவதில்லை. மகாராணி 1901 ஜனவரி 22ஆம் தேதி காலமானார். இரண்டாம் ஆப்கான் போர் 1880லேயே முடிந்துவிட்டது. அப்படியானால் 1905இல் அந்த முத்திரையை அடித்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நாம் இந்தியாவின் பழைய வடமேற்கு எல்லைக்குப் போக வேண்டியிருக்கிறது.

பேர்பெற்ற துப்பாக்கி

மார்ட்டினி ஹென்றி 1871இல் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்க்கப்பட்டது. தோட்டா போடும் அமைப்பு மார்ட்டினி என்பவருடையது. குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் ஏழு வரிப்பள்ளங்கள் எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றியின் வடிவமைப்பு. இருவர் பெயரும் சேர்ந்து துப்பாக்கியின் பெயரானது. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்பை இறக்கி, ஒரு தோட்டா போட்டு, நெம்பை ஏற்றிச் சுட வேண்டும். அதில் திருத்தங்கள் செய்யச் செய்ய இரண்டாம் வகை 1877இலும், மூன்றாம் வகை 1879இலும், நான்காம் வகை 1888இலும் வந்தன.

1879 ஜனவரி 22ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் சூலு வீரர்களிடம் இசாண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படை அழிந்தது. அதே நாளில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் சுமார் 150 பேர் தாக்குப்பிடித்தனர். அவர்கள் கையில் இருந்ததும் இதே துப்பாக்கிதான். 1964இல் வெளிவந்த ‘சூலு’ திரைப்படம் அதை உலகறியச் செய்தது. சேகரிப்பாளர்கள் இதைத் தேடி அலைவதற்கு இப்படிப்பட்ட வரலாறுதான் காரணம். அவர்கள் பணம் கொடுப்பது இரும்புக்கும் மரத்துக்கும் மட்டுமல்ல. அதனோடு வரும் கதைக்கும் சேர்த்துத்தான்.

கைபர் பட்டறைகள்

கைபர் கணவாயைச் சுற்றி வாழ்ந்த அப்ரிடி முதலிய பட்டாணியக் குலத்தாருக்குத் துப்பாக்கி உயிருக்குச் சமம். அது அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்பது வெள்ளையர் ஆட்சியின் கவலை. இராணுவ முகாம்களில் துப்பாக்கித் திருட்டு அவ்வளவு அதிகம். சிப்பாய்கள் இரவில் துப்பாக்கியைத் தங்கள் உடம்போடு சங்கிலியிட்டுப் பூட்டிக்கொண்டு தூங்கினார்கள். மஸ்கட் துறைமுகம் வழியாகக் கடத்தி வந்தவற்றைத் தடுக்க, 1909 முதல் 1914 வரை பாரசீக வளைகுடாவில் பிரிட்டிஷ் கடற்படை ரோந்து சுற்றியது.

வெளியிலிருந்து கிடைக்காததை அவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையில் உள்ள தர்ரா ஆதம் கேல் என்ற ஊர் இதில் பேர்பெற்றது. கையில் கிடைத்த பழைய இரும்பு, அரம், உளி, சிறு உலை ஆகியவற்றைக் கொண்டே முழுத் துப்பாக்கியும் தயாரானது. தன் முன்னால் ஓர் உண்மையான துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்துப் பார்த்து ராவிச் செய்தார் கொல்லர். முத்திரையையும் அப்படியே பார்த்துச் செய்தார். அவருக்கு அது எழுத்தல்ல, படம். கிரீடம் இருந்தால் வாங்குபவருக்குத் தரம் என்று ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான். அங்கே யாரும் பழம்பொருள் என்று சொல்லி விற்கவில்லை. மலையில் பயன்படுத்தவே விற்றார்கள்.

அது போலியாக மாறியது சந்தை மாறியபோதுதான். 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானில் வந்து இறங்கிய வெளிநாட்டுப் படையினர் கடைத்தெருக்களில் இவற்றை நினைவுப் பொருளாக வாங்கினர். அமெரிக்கச் சட்டத்தில் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கி ‘பழம்பொருள்’ கணக்கில் சேரும். உரிய தாள்களுடன் அதை நாட்டுக்குக் கொண்டுபோக வழி இருந்தது. ஆகவே, பொறித்திருக்கும் ஆண்டு பழையதாக இருந்தால் விற்பவருக்கும் வசதி, வாங்குபவருக்கும் வசதி. அப்படிப் போனவை பல கை மாறி, ‘ஆங்கிலேயப் படையின் அசல்’ என்ற பெயரில் இணைய விற்பனைக்கு வருகின்றன.

உரைகல் எது?

முதலில் ஆண்டையும் ஆட்சியையும் ஒத்துப் பாருங்கள். ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகள் விக்டோரியா ராணியைக் குறிப்பவை. 1901க்குப் பிந்திய ஆண்டோடு அவை நின்றால், மேலே படிக்கவே வேண்டாம். அடுத்து வகை எண். நான்காம் வகை என்று ரோமன் எண்ணில் பொறித்துவிட்டு 1881 என்று ஆண்டு போட்டிருந்தால், பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் போன பிள்ளையின் கதைதான்.

இரண்டாவது, எழுத்து. தொழிற்சாலையில் எஃகு அச்சை வைத்து ஒரே அடியில் பதிப்பார்கள். ஆழம் சீராக இருக்கும். பட்டறையில் உளியால் துண்டு துண்டாகக் கோடு இழுத்திருப்பார்கள். என்ஃபீல்டு என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டாம் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்பது இவற்றின் பேர்போன அடையாளம். ஆங்கிலம் படித்த எவரும் அரசாங்கத் தொழிற்சாலையில் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்.

மூன்றாவது, சின்ன முத்திரைகள். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அசல் துப்பாக்கியில் ஒவ்வொரு முக்கிய உறுப்பையும் ஒரு பரிசோதகர் பார்த்து, சிறிய கிரீடம், ஓர் எழுத்து, ஓர் எண் என்று தன் அடையாளத்தைப் பதித்திருப்பார். போலி செய்பவர் வெளியே தெரியும் பெரிய கிரீடத்தில்தான் உழைப்பைக் காட்டுவார். உள்ளே கழற்றிப் பார்த்தால் அந்தச் சின்ன முத்திரைகள் இருக்காது, அல்லது கண்ட இடத்தில் கண்டபடி இருக்கும்.

நான்காவது, வேலைப்பாடு. திருகுகளின் தலை ஒன்றுக்கொன்று அளவு மாறியிருக்கிறதா? பக்கங்கள் சமமாக இல்லாமல் அரத்தின் கோடுகள் தெரிகின்றனவா? குழலுக்குள் ஏழு பள்ளங்கள் சீராக ஓடுகின்றனவா? இவற்றை இணையத்தில் வரும் மங்கலான படத்தில் பார்க்க முடியாது. நெருக்கமான படம் கேட்டால் அனுப்பாத விற்பனையாளரிடம் விலகியிருப்பதே நல்லது.

ஐந்தாவது, கூடவே வரும் கதை. ‘மைவாண்ட் போரில் இந்தியச் சிப்பாய் ஏந்திய மார்ட்டினி’ என்று சொன்னால் மனம் உருகும். ஆனால், 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைச் சிப்பாய்களைவிட ஒரு படி பழைய ஆயுதம் கொடுப்பதே ஆட்சியின் வழக்கமாக இருந்தது. 1880 ஜூலை 27ஆம் தேதி மைவாண்டில் வெள்ளையர் ரெஜிமெண்டிடம் மார்ட்டினி ஹென்றி இருந்தது. பம்பாய்ப் படையின் இந்தியக் காலாட்கள் அதற்கு முந்திய ஸ்னைடர் துப்பாக்கியோடு நின்றார்கள். அந்தப் பொய்க்கதையை நம்பினால், நம்மவர்கள் பழைய ஆயுதத்தோடு களத்தில் நிறுத்தப்பட்ட உண்மை மறைந்துபோகிறது. பணம் போவதைவிட இதுதான் பெரிய இழப்பு.

எல்லாம் போலி அல்ல

கைபர் பக்கத்திலிருந்து வந்ததெல்லாம் ஏமாற்று என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மான் காபூலில் இயந்திரத் தொழிற்சாலை அமைத்து மார்ட்டினி வகைத் துப்பாக்கிகளைச் செய்வித்தார். அவற்றில் ஆப்கான் அரசின் முத்திரை இருக்கும். நேப்பாளத்தின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து 2003இல் ஏராளமான துப்பாக்கிகள் அமெரிக்க வணிகர்களுக்கு விற்கப்பட்டன. அவற்றிலும் அசல் மார்ட்டினி ஹென்றிகள் உண்டு. எங்கிருந்து, யார் வழியாக வந்தது என்று தெரிந்த பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை இரும்பின் தரத்தை நம்ப முடியாது. அதில் தோட்டா போட்டுச் சுடுவது முகத்துக்கும் கைக்கும் ஆபத்து. அடுத்து, மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரிலும் சட்டம் மிகக் கடுமையானது. பழையதுதானே என்று நினைத்து உரிமம் இல்லாமல் இணையத்தில் வாங்கி வீட்டுக்கு வரவழைத்துவிடாதீர்கள்.

நிறைவாக ஒன்று. தலைகீழ் எழுத்தோடு நிற்கும் அந்தக் கைபர் துப்பாக்கி குப்பையில் போட வேண்டிய பொருளல்ல. வல்லரசின் தொழிற்சாலை செய்ததை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கொல்லர் அரத்தைக் கொண்டு செய்து காட்டியதற்கு அது சாட்சி. அதன் கீழே ‘தர்ரா பட்டறையில் செய்தது’ என்று எழுதி வைத்தால், அதுவும் மதிப்புள்ள வரலாற்றுப் பொருளே. ‘என்ஃபீல்டு, 1879’ என்று எழுதி விற்கும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. வாங்குபவர் ஏமாறுவதோடு, அதைச் செய்த கொல்லரின் பெயரும் மறைந்துபோகிறது.