மலைநாட்டு உபதேசியாரும் மிஷனரி என்னும் பெயரும்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிற் கிறித்தவம் பரவிய வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியப் பாதிரிமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், லயன்களுக்குச் சென்று தொழிலாளரோடு அவர்தம் மொழியிலே பேசியவர் யாவர் எனக் கேட்கும்போது அவ்வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. ‘மிஷனரி’ என்னும் பெயர் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். சங்கத்தார் 1818 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். அதன்பின் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பெருகவே, தமிழக மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் திரள்திரளாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தோர் அவர்கள். அவர்களிடையே சமயப்பணி ஆற்றுவதற்கெனக் கண்டியை மையமாகக் கொண்டு 1854 இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமாரின் நன்கொடை அதற்குப் பெருந்துணையாயிற்று. மேற்பார்வை ஐரோப்பியப் பாதிரியாரிடம் இருந்தது; முன்னர்த் திருநெல்வேலியிற் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் தொடக்ககாலப் பொறுப்பாளர். நாள்தோறும் தோட்டந்தோட்டமாக நடந்து திரிந்தவர்களோ திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். தம் மொழி பேசும் மக்களைத் தேடிக் கடல்கடந்து, குளிர்மலையில் வாழ்ந்த இவர்கள், மிஷனரி என்னும் சொல்லின் பொருளுக்கு முற்றும் உரியவர்கள். எனினும் அவர்கள் ஏட்டில் ‘சுதேச உதவியாளர்’ என்ற வகுப்பிலேயே அடங்கினர்.

இப்பணியின் அடிப்படையிலே ஒரு முரண்பாடும் இருந்தது. உபதேசியார் தோட்டத்துட் புகுவதற்குத் துரையின் இசைவு வேண்டும். பணத்திற் பெரும்பங்கும் துரைமாரிடமிருந்தே வந்தது. பகலெல்லாம் கங்காணியின் அதட்டலைக் கேட்ட தொழிலாளி, துரையின் அனுமதியோடு வந்தவரின் சொல்லை எவ்வாறு ஏற்றிருப்பான் என்பது சிந்தனைக்குரியது. மிஷனின் பெயரே கேட்போரைக் ‘கூலி’ எனச் சுட்டியது. உபதேசியார் உதவியாளர், தொழிலாளர் கூலிகள் என்ற இவ்விரு பெயர்களும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை.

1876 இல் எழுந்த பிணக்கு இதனைத் தெளிவாக்குகின்றது. கொழும்பின் புதிய அத்தியட்சர் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன், மலைநாட்டுப் பணியைத் தமது ஆளுகையின்கீழ்க் கொணர முயன்றார். சங்கத்தார் இணங்காமையால் மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களை அவர் மீளப் பெற்றார். இங்கிலாந்தின் திருச்சபைத் தலைவர்களது ஆலோசனைக்குப் பின்னரே, 1880 இல் இணக்கம் ஏற்பட்டது. தமிழ் உபதேசியார் யாருடைய அதிகாரத்தின்கீழ் நிற்றல் வேண்டும் என்பதே வழக்கின் உட்பொருள். அவர்தம் விருப்பம் என்ன என்பது அதில் வினாவாக அமையவில்லை.

சங்கத்தின் கொள்கை இதற்கு மாறானது என்பது குறிப்பிடத்தக்கது. 1841 முதல் 1872 வரை அதன் செயலாளராக விளங்கிய ஹென்றி வென், ஒவ்வொரு நாட்டுத் திருச்சபையும் தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரப்பவேண்டும் எனக் கருதியவர். அக்கொள்கையின் பெருஞ்சோதனை மேற்கு ஆபிரிக்காவில் நிகழ்ந்தது. அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யொரூபா இளைஞரான சாமுவேல் அஜயி குரோதர், தம்மைப் போலவே மீட்கப்பட்ட அசானோ என்னும் சூசனை மணந்தார். ஆசிரியப் பணியில் தொடங்கிய அவ்விருவரது வாழ்வு, குரோதர் 1864 இல் ஆபிரிக்கரான முதல் அங்கிலிக்கன் அத்தியட்சராதல் வரை வளர்ந்தது. ஆயின் வென் மறைந்தபின் காற்றுத் திசைமாறியது. 1890 இல் இளம் ஐரோப்பிய மிஷனரிமார் அவருடைய ஊழியரைக் குறைகூறி அவர் அதிகாரத்தைக் குறுக்கினர். 1891 இறுதியில் அவர் இறக்க, அவரிடத்திற்கு ஐரோப்பியரே நியமிக்கப்பட்டார். மலைநாட்டில் உபதேசியார்க்கு மறுக்கப்பட்டது, நைகர் ஆற்றங்கரையில் கொடுத்துப் பறிக்கப்பட்டது எனலாம்.

இதற்கிடையில் மலைநாடே மாறியது. 1869 இல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் பெரிதும் போதுமாயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் லயன்களில் நிலைத்துக் குடியிருக்கலாயினர். குடும்பங்களிடையே செய்யும் பணிக்கு ஆண் ஒருவர் மட்டும் போதார். பெண்களோடு பேசவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் பெண் ஊழியரும் வேண்டும். இவ்வுண்மையைத் திருநெல்வேலிச் சீமை முன்னரே அறிந்திருந்தது. இடையன்குடியிற் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்கல்வியை வளர்த்தமை அதற்குச் சான்று. பணி இருவருடையது, பதவிப்பெயர் கணவருக்கு மட்டுமே உரியதாயிற்று.

தமிழர் தம்மைத் தாமே மிஷனரிமாராக அறிவித்த நிகழ்ச்சி பாக்குநீரிணையின் இருகரைகளையும் இணைக்கின்றது. யாழ்ப்பாணக் கிறித்தவர் சங்கம் அமைத்துத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிவந்தனர். 1902 இல் யாழ்ப்பாணம் வந்து இதனைக் கண்ட திருநெல்வேலியைச் சேர்ந்த வே. சா. அசரியா, அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1909 இல் அவரும் மனைவி அன்பு மாரியம்மாளும் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குச் சென்று, தொடக்கத்திற் கூடாரத்தில் வாழ்ந்து, அயல்மொழியைப் பயின்று பணிசெய்தனர். 1910 இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா, ஐரோப்பிய மிஷனரிமார் இந்திய ஊழியரைத் தோழராக நடத்தவில்லை என வெளிப்படையாகக் கூறினார். 1912 இல் அவர் இந்தியரான முதல் அங்கிலிக்கன் அத்தியட்சரானார்.

அசரியாவின் அந்தக் குறை, 1854 இலிருந்து மலைநாட்டு உபதேசியார் சொல்லாமற் சுமந்த குறையே. பெயர் அற்பப் பொருளன்று. கூலி எனப் பெயரிடப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் எனப் பெயர்பெற்றதை வரலாறு அறியும். பிறரிட்ட பெயரால் ஒரு மக்கட்கூட்டத்தை அளப்பது எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதற்கு மலைநாட்டினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மலைநாட்டுத் திருச்சபையின் வரலாறு முறையாக எழுதப்படுமாயின், அதன் முதல் அத்தியாயம் கண்டியின் பங்களாவிலன்று; மாலைப் பொழுதில், நாள்வேலை முடித்துத் திரும்பியோரைத் தேடி லயன் வாசலில் வந்து நின்ற திருநெல்வேலி உபதேசியாரிடம் தொடங்குதல் வேண்டும்.