காந்தேசத்து நீர்ப்பங்கீடு

நம் காலனி அன்பர்களில் சிலர் சாளிஸ்காவ் சந்திப்பில் வண்டி மாறித் தூலே நகருக்குச் சென்றிருப்பீர்கள். அந்நகரின் ஊடே ஓடும் பாஞ்சரா நதியைக் கோடையில் கண்டவர்கள், இதிலும் பாசனமா என்று வியக்கக் கூடும். ஆயினும் இந்நதியிலும், அண்டையிலுள்ள மோசம் முதலிய ஆறுகளிலும், ஏறக்குறைய 300, 400 ஆண்டுகளாகக் குடியானவர்கள் தாமே ஒரு நீர்ப்பங்கீட்டு முறையை நடத்தி வந்தனர்.

ஆற்றின் குறுக்கே ‘பந்தாரா’ எனப்படும் தாழ்ந்த கல்லணை. அதிலிருந்து பிரியும் வாய்க்காலின் கீழுள்ள நிலம் சில பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘பட்’ என்று பெயர். ஒரு பட்டில் எத்தனை பேருக்கு நிலம் இருப்பினும் பயிர் ஒன்றே. கரும்பு எந்தப் பகுதியில், தானியம் எதில், எதற்கு இவ்வாண்டு நீரில்லை என்பதையெல்லாம், ஆற்று வரத்தைக் கண்டு பருவத் தொடக்கத்தில் கூடித் தீர்மானித்தார்கள். நீர் குறைந்த ஆண்டில் ஒரு பகுதி முழுவதுமே பாசனமின்றிக் கிடக்கும். பலருக்கு வெவ்வேறு பட்களில் துண்டு நிலங்கள் இருந்தமையால், அவ்விழப்பு ஒருவர் தலையிலேயே விழவில்லை. இம்முறையின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து.

நம்மூர் நீர்க்கட்டியின் வேலையை அங்கே பாட்கரி செய்தார். எவ்வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. நிலக்காரர் தாமாக மடையைத் தொடலாகாது. அவருக்கு மேல் ஹவல்தார். (துப்பாக்கி ஏந்தியவர் அல்லர், நீரை மேற்பார்ப்பவர்.) மேயும் கால்நடைகள் பயிரில் புகாமல் காத்தவர் ஜாகல்யா. இவர்களுக்குக் கூலி விளைச்சலிலிருந்தே அளக்கப்பட்டது. வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்போ எல்லா நிலக்காரருக்கும் உரியது. நம் குடிமராமத்தும் இவ்வகையினதே; அதனைக் கட்டாயப்படுத்தச் சென்னை மாகாணத்தில் 1858-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் மேற்பகுதிகளில் அணைகள் எழுந்தன; ஆற்று வரத்துக் குறைந்தது. மின்சார மோட்டாரும் வந்தது. தம் கிணற்றில் தாமே இறைத்துக் கொள்பவர் பருவக் கூட்டத்துக்கு வந்து எதைக் கேட்பார்? அவரவர் விரும்பிய பயிரை அவரவர் வைத்தனர். கிணறு வெட்ட வசதியற்ற சிறு நிலக்காரரே வாய்க்காலை நம்பி நின்றார். தூர்வாரும் கைகள் குறைந்தபோது நட்டம் அடைந்தவரும் அவரே. சில பந்தாராக்களின் கீழ் மட்டும் பழைய பங்கீடு தொடர்ந்து வந்தது.