வட சென்னைக் கடற்கரையில் ஒரு வரலாற்று உலா

இலண்டன் மாநகரைக் காணச் செல்பவர்கள் தேம்ஸ் ஆற்றங்கரையிலேயே நடந்தால் போதும். கோட்டை, பாலம், பாராளுமன்றம், பழைய கப்பல் துறைகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். போர்த்துகலின் தலைநகரான லிஸ்பனும் அப்படியே. கப்பல் தாராளமாக நுழையக்கூடிய ஓர் ஆறு இருந்தது. அதன் கரையில் தலைநகரம் வளர்ந்தது.

நமது சென்னையும் ஒரு மாகாணத்தின் தலைநகராக இருந்த நகரமே. ஆனால் அதற்கு அப்படி ஓர் ஆறு வாய்க்கவில்லை. கூவத்தின் வாயை மணல் அடைத்துக்கொள்ளும். 1639-இல் ஆங்கிலேயர் பெற்ற இடம் வெறும் திறந்த கடற்கரை. ஆகவே சென்னையின் வரலாற்றைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் ஆற்றைத் தேட வேண்டாம்; மணலைப் பின்தொடர்ந்து செல்லுங்கள். அது உங்களைக் கோட்டையிலிருந்து வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரை அழைத்துச் செல்லும். சுற்றுலாக் கையேடுகள் மெரினாவோடு நின்றுவிடுகின்றன. அது பாதிக் கதைதான்.

முதலில் மணல் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். ஆண்டின் பெரும்பகுதியில், சுமார் மார்ச் முதல் அக்டோபர் வரை, அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து நம் கரையில் மோதுகின்றன. அலை ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. நீர் வடியும்போது சரிவின் வழியே நேராக இறங்குகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் வடக்கே சிறிது தள்ளிப் போய் விழுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் இது திசை மாறும். ஆயினும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு பயணம் செய்கிறது. கரை ஓரிடத்தில் அசையாமல் இருப்பதுபோல் நமக்குத் தோன்றுவது, போகும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டே இருப்பதால்தான்.

இப்போது கோட்டைக்கு எதிரே நில்லுங்கள். டேனியல் என்ற ஓவியர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த படங்களில் கோட்டை மதிலுக்கு வெகு அருகிலேயே அலை புரள்வதைக் காணலாம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு அலையின் அறையில் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். ஐரோப்பியக் கப்பல்காரர்களால் செய்ய முடியாததை நம் கடலோடிகள் கயிறும் பலகையும் கொண்டு செய்தார்கள் என்பதை நான் எத்தனை முறையும் சொல்வேன்.

பின்னர்த் துறைமுகம் வந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரு கைகளை நீட்டியதுபோல் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றின் பெரும் பகுதியைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். புயலை வென்றாலும் மணலை வெல்ல முடியவில்லை. கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேர்ந்தது. பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் அமைத்தார். (1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டியது இத்துறைமுகத்தில்தான். அந்தப் பெயர் இன்றும் நம் பேச்சில் உலவுகிறது.)

வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைச் சுவர் மறித்தது. மறித்த மணல் தெற்கே குவிந்தது. அந்தக் குவியலைத்தான் நாம் மெரினா என்கிறோம்! 1880-களில் கவர்னர் கிராண்ட் டப் அங்கே உலாவும் சாலை அமைத்தார். அலை அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போயிற்று. இன்று மணற்பரப்பின் அகலம் சில நூறு மீட்டர்.

தெற்கே சேர்ந்தது வடக்கே குறைய வேண்டுமல்லவா? இராயபுரத்துக்கு வாருங்கள். முதலில் ரயில் நிலையத்தைப் பாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் 1873-இல்தான் வந்தது. தூண்களோடு கூடிய இராயபுரத்துக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அடுத்து, படகோட்டிகளின் முயற்சியால் 1829-இல் எழுந்த இராயப்பர் ஆலயம். பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் வழங்கும் பெயர் இராயப்பர். ஊரின் பெயரையும் அதனோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

பிறகு கடற்கரைக்குச் செல்லுங்கள். மணல் எங்கே? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டினால் கருங்கல் குவியல்தான். அலை மணலை வடக்கே எடுத்துச் செல்வதை நிறுத்தவில்லை. ஈடு செய்யும் புது மணல்தான் வரவில்லை. நூறாண்டுக்குள் கரை சில நூறு மீட்டர் உள்வாங்கிற்று. மீனவர் குப்பங்களில் தெருத்தெருவாக வீடுகள் கடலுக்குள் போயின. மெரினாவில் காற்று வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கற்சுவர் ஓரிடத்தைக் காக்கும். அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளும். எனவே இந்த நூற்றாண்டில் கடலுக்குள் குறுக்காகக் கல் அடுக்கித் தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். அவற்றின் இடுக்கில் சிறு சிறு மணற்திட்டுகள் சேர்ந்திருப்பதைத் திருவொற்றியூர்ச் சாலையிலிருந்து காணலாம். கடலோரத்திலேயே பட்டினத்தார் சமாதி. சற்று உள்ளே தியாகராசர் கோயில். யானையின் பின்புறம்போல் வளைந்த அதன் கருவறையை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லால் கட்டினார்கள். இலக்கணம் கற்பிக்க இக்கோயிலில் ஒரு மண்டபம் இருந்தது என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலைச் சேருமிடம் முகத்துவாரக்குப்பம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்ரேன் வெட்டிய கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வந்தது. அதுவே நீண்டு பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இந்தக் குப்பத்தாருக்கு முகத்துவாரம் திறந்திருப்பதே பிழைப்பு. கடல் நீர் ஏறி இறங்கினால்தான் கழியில் இறாலும் நண்டும் பெருகும், படகும் போய்வரும். வாயை மணல் மூடினால் உள்ளே நீர் தேங்கும். மழைக் காலத்தில் வெள்ளம் வடிய வழியிராது.

2001-இல் இதற்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதற்குக் காமராசர் பெயர். அதன் சுவரும் மணலை மறிக்கிறது. பழைய கணக்கே மீண்டும் வருகிறது: சுவருக்குத் தெற்கே குவியல், வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் அரிப்பு. ஆனால் இங்கே தெற்கில் இருப்பது வெறும் கடற்கரை அன்று, ஓர் ஆற்றின் வாய். மெரினாவில் பூங்காவாகிய அதே குவியல் இங்கே கதவை மூடுகிறது. போதாக்குறைக்கு அனல்மின் நிலையச் சாம்பல் கழியை மேடாக்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது.

நீங்கள் கோடையில் அங்கே சென்றால், நீர் வற்றும் வேளையில் நில்லுங்கள். வாயின் குறுக்கே மணல்திட்டு எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, நடுவே எத்தனை அகலத்துக்கு நீர் ஓடுகிறது என்று கண்ணால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையிலும் போய் அளந்து பாருங்கள்.